ரெண்டாம் பாகத்தில் வந்த வசனம்

அந்தப் படத்துக்கு ரெண்டாம் பாகம் வருகிறது என்று கம்பெனி வேனில்தான் கேள்விப்பட்டேன். காலையில் எங்கள் ஊர் முனையில் ஏறினால் ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் இறக்கிவிடும் வேன். எல்லாம் பொம்பளைகள்தான். பாதிப் பேர் தூங்குவார்கள், பாதிப் பேர் போன் பார்ப்பார்கள். என் பக்கத்து சீட்டு அக்கா போன் பார்க்கிற ரகம். அன்றைக்கு என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "ஏய், உன் பொண்ணோட படம் மறுபடியும் வருதாம்டி!" என்றாள்.

"இன்னாக்கா சொல்ற?"

"பார்ட் டூ. தோ பாரு, அதே ஆடு, அதே கழுதை. கழுதை கொஞ்சம் குண்டாய்ட்ச்சி."

அவள் போனைப் பறித்துப் பார்த்தேன். முன்சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, "இன்னாக்கா, ஹீரோ படம் வந்தாகூட இப்படிப் பறிக்கமாட்டாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அந்தப் படம் என் வீட்டுக்கு என்ன செய்தது என்று அரைகுறையாகத்தான் அவர்களுக்குத் தெரியும்.

என் மகளுக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்டது. பாத்திரம் விழுந்தால் திரும்புவாள், பாட்டுப் போட்டால் ஆடுவாள். வாயிலிருந்து மட்டும் ஒன்றும் வராது. வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் மாதம் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனோம். பொறுமையான அம்மா. "மெதுவா வரும்மா. நீங்க அவகிட்ட ஓயாம பேசிக்கிட்டே இருங்க" என்றார்கள். நான் தலையாட்டினேன். ஆனால் நாள் முழுக்க நின்றபடி ஷூவுக்கு உள்தோல் ஒட்டிவிட்டு, பொழுது சாயும்போது வீட்டுக்கு வருகிறவள் நான். வந்ததும் அடுப்பு. என் வாயில் மட்டும் என்ன பேச்சு மிச்சம் இருக்கும்? அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு எப்போதும் உண்டு.

அப்படியிருந்த ஒரு ஆடி மாதத்தில்தான் எங்கள் ஏரிக்கரை அம்மன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொங்கல் பானை பொங்கி வழிகிற நேரம், மனசு தாங்காமல் வாய்விட்டே சொன்னேன்: "தாயே, எம் புள்ள வாயத் தொற. உனக்குக் கடா குடுக்கிறேன்."

அடுத்த வாரமே ஒரு கறுப்புக் குட்டியைப் பிடித்துவந்து, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, அம்மனுக்கு என்று விட்டோம். நேர்ந்துவிட்ட ஆட்டை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது. அதுவும் அதைத் தெரிந்துகொண்ட மாதிரிதான் நடந்தது. கொடியில் காய்ந்த என் வீட்டுக்காரர் லுங்கியில் பாதியைத் தின்றது. பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டு, தப்பே செய்யாதது மாதிரி நின்றது. அந்த வீட்டு அக்கா, "சாமி ஆடாச்சேன்னு விடறேன். இல்லன்னா இன்னிக்கே கொழம்பு" என்று கத்துவாள். என் மகள் அந்த ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அவளுக்குக் கூட்டாளி அது ஒன்றுதான். மற்றப் பிள்ளைகள், பதில் பேசாத பிள்ளையோடு எவ்வளவு நேரம் விளையாடும்?

பொங்கல் லீவில் டிவியில் அந்தப் படத்தின் முதல் பாகத்தைப் போட்டார்கள். வெளிநாட்டுப் படம், தமிழில் பேசவைத்தது. ஒரு பண்ணையில் ஆடு, கழுதை, கோழி, ஒரு கிழட்டு நாய். ஆள் இல்லாத நேரத்தில் அதெல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். தாத்தாவோடு அங்கே இருக்கிற ஒரு சின்னப் பெண் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். அவ்வளவுதான் கதை. ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் உட்காராத என் மகள், படம் முடிகிறவரை அசையவில்லை. விளம்பரம் வந்தபோது டிவியை அடித்தாள். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் யாரிடமோ கேட்டு அந்தப் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதிலிருந்து தினமும் அதே படம்.

நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் நான் வேனைவிட்டு இறங்கி வருகிறேன். வாசலில் மகளும் ஆடும் நிற்கிறார்கள். என்னைப் பார்த்து, "வந்துட்டியா? இவ்ளோ நேரமா?" என்றாள்.

படத்தில் ஆடு சொல்கிற வசனம் அது. அதே இழுப்பு, அதே சலிப்பு. என் சாப்பாட்டுப் பை கீழே விழுந்தது. நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேன் டிரைவர், "அக்காவுக்கு மயக்கம்பா" என்று இறங்கி ஓடிவந்தார். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் படத்தில் வருகிற பேச்சுத்தான். பசித்தால் கழுதையின் வசனம்: "இந்த வீட்ல வைக்கோல்கூட கிடைக்காதா?" கோபம் வந்தால் கோழியின் வசனம்: "நான் கோச்சிக்கிட்டேன், போ." தூக்கம் வந்தால் நாய் மாதிரி சுருண்டுகொண்டு, "நான் கண்ண மூடிட்டேன், யாரும் என்னைப் பாக்காதீங்க" என்பாள். ஒரு பத்துப் பன்னிரண்டு வசனம் இருக்கும். ஆனால் இடம் பார்த்துத்தான் சொல்வாள், மாற்றிச் சொன்னதே இல்லை. நாங்களும் அவளுக்குப் படத்திலிருந்தே பதில் சொல்லப் பழகினோம். தோல் மண்டியில் தோல் சுத்தம் செய்துவிட்டு வருகிற என் வீட்டுக்காரர் குளித்த கையோடு கழுதையாகிவிடுவார். "இன்னாமே, இந்தக் கழுதை வேஷம் எனக்குன்னே எழுதி வெச்சிட்டாம்போல" என்பார். அந்த மனுஷன் அவ்வளவு சிரித்து நான் பார்த்தது அந்த வருஷம்தான்.

இதெல்லாம் பேச்சில் சேர்த்தியா என்று டாக்டரம்மாவிடம் பயந்துகொண்டே கேட்டேன். அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. "இது பேச்சுதான்மா. சில புள்ளைங்க இப்படித்தான். மொத்த வாக்கியமா புடிச்சிக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஒடச்சி தன்னோடதா ஆக்கிக்கும். அவளுக்கு இன்னும் நெறைய வாக்கியம் வேணும், அவ்ளோதான்."

அதனால்தான் வேனில் அந்தப் போனைப் பறித்தேன். ரெண்டாம் பாகம் என்றால் எனக்குப் படம் இல்லை. இன்னும் நாலு வாக்கியம். எல்லாவற்றையும்விட, ஒரு வார்த்தை. என் மகள் அதுவரை என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. முதல் பாகத்தில் அந்தச் சின்னப் பெண்ணுக்கு அம்மா கிடையாது. தாத்தா மட்டும்தான். அந்த வார்த்தை படத்தில் எங்கேயும் வராது, நான் தேடித்தேடிப் பார்த்திருக்கிறேன். ரெண்டாம் பாகத்திலாவது ஒரு அம்மாவை வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் என் நாத்தனார் கடாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அக்கா. கெட்ட மனசு கிடையாது. என் பிரசவத்துக்கு வந்து நின்றவர்கள் அவர்கள்தான். ஆனால் சாமி விஷயத்தில் கறார்.

"புள்ள வாயத் தொறந்துட்டா இல்ல? இன்னும் இன்னா வேடிக்கை பாத்துக்கினு இருக்கிற?"

"இல்ல அண்ணி, அவ சொந்தமா ஒரு வார்த்தை பேசட்டும். இதெல்லாம் சினிமா வசனம்."

"சாமி குடுத்துச்சா சினிமா குடுத்துச்சான்னு நீ பிரிச்சிப் பாத்துக்கினே இரு. அம்மன் பாத்துக்கினு இருக்கமாட்டா."

அது என்னை உலுக்கிவிட்டது. நான் ஒன்பதாவதுக்கு மேல் படிக்காதவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மனும் வேலையும்தான். கடவுள் கொடுத்ததைச் சினிமா கொடுத்தது என்று சொல்லி ஏமாற்றுகிறேனோ என்று பயந்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த டிவியில் அந்த நாள் அந்தப் படத்தைப் போடவைத்ததும் அவள்தானே? படம் பார்க்கப் போகிற அன்றைக்குக் காலையில் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர், "படம் பாக்கப் போறமா, பரீட்சை எழுதப் போறமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம். ஆம்பூரில் தியேட்டர். மகளுக்குச் சத்தம் தாங்காது என்று காதில் பஞ்சு வைத்துக் கூட்டிப்போனேன். லைட் அணைந்ததும் என் மடியில் ஏறிக்கொண்டாள்.

ஆனால் இந்தத் தடவை அந்த மிருகங்கள் பேசவில்லை. கதையே அதுதான். அந்தப் பெண் படிக்க டவுனுக்குப் போய்விட்டுக் கொஞ்சம் வளர்ந்து திரும்பி வருகிறாள். தாத்தாவுக்கு முடியவில்லை, பண்ணையை விற்றுவிட்டார்கள். இவள் ஓடிப்போய் ஆட்டைக் கட்டிக்கொள்கிறாள். அது வெறும் ஆடு மாதிரி மே என்கிறது. கழுதை புல் தின்கிறது. என் மகள் மடியிலிருந்து இறங்கி சீட்டில் ஏறி நின்றாள். "வந்துட்டியா? இவ்ளோ நேரமா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். அந்த ஆட்டுக்கு அது மறந்துபோன வசனத்தை எடுத்துக்கொடுக்கிறாள் போல. தியேட்டரே சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தர், "உக்காரச் சொல்லுங்கம்மா" என்றார். அவள் தனக்குத் தெரிந்த எல்லா வசனத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். திரையில் ஒன்றும் பதில் இல்லை. திரும்பி என்னை அடித்தாள், முடியைப் பிடித்து இழுத்தாள். கூட்டிவந்தது தப்பு, எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தக் காட்சி. லாரி வந்து நிற்கிறது. ஆட்டின் கழுத்தில் கயிறு கட்டி இழுக்கிறார்கள். அந்தப் பெண் ஓடிவந்து முட்டிபோட்டு ஆட்டின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பேசு. ஒரே ஒரு வாட்டி. எனக்காகப் பேசு" என்கிறாள். ஆடு அவளையே பார்க்கிறது. பிறகு ஆடு சொல்கிறது: "நீ கேக்கணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்." கை தட்டல், விசில். லாரிக்காரர்கள் பேய் என்று ஓடுகிறார்கள். எல்லாம் பிழைத்துக்கொள்கிறது.

என் மகள் மெதுவாக உட்கார்ந்தாள். அவள் உதடு அசைவதைத் திரை வெளிச்சத்தில் பார்த்தேன்.

அந்தப் படத்திலும் அம்மா இல்லை. எழுத்து ஓடி முடிகிறவரை உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அழுகையாக வந்தது. அத்தனை பேர் சேர்ந்து படம் எடுக்கிறார்கள், ஒரு அம்மாவை வைக்கத் தோன்றவில்லையே என்று. வெளியே வந்து மூன்று பேரும் பிரியாணி சாப்பிட்டோம். மட்டன்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு எங்களில் யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை என்பதற்காக.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக ஆட்டிடம் போனாள். முட்டிபோட்டு அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "பேசு. ஒரே ஒரு வாட்டி. எனக்காகப் பேசு" என்றாள். ஆடு அவள் மூக்கை நக்கியது. அவள் காத்திருந்தாள். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். அவள் அப்படி மண்ணில் முட்டிபோட்டுக் காத்திருப்பதைப் பார்க்க என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் குளியல் அறைச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, குரலை மாற்றி, "நீ கேக்கணும்னுதான் காத்துக்கினு இருந்தேன்" என்றார்.

அவள் ஆட்டைக் கட்டிக்கொண்டு சிரித்தாளே, அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியாது. அதிலிருந்து அதுவே தினப்படி விளையாட்டு ஆயிற்று. இவர் ஒளிந்துகொள்வார், அவள் கேட்பாள், ஆடு பேசும். "புள்ளைய ஏமாத்துறீங்களே" என்று நான் கேட்டால், "அதுக்கு சந்தோஷம்தானேமே, நமக்கு இன்னா பேஜாரு?" என்பார். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். அடுப்படியில் இருக்கிறேன். மகள் ஓடிவந்து என் புடவையைப் பிடித்து, "ஆடு பேசுச்சி" என்றாள்.

முதல் பாகத்திலும் ரெண்டாம் பாகத்திலும் இல்லாத பேச்சு அது. எந்த மிருகமும் அதைச் சொல்லவில்லை. அவளே யோசித்து, அவளே சேர்த்து, என்னிடம் வந்து சொன்ன முதல் பேச்சு. டாக்டரம்மா சொன்னார்களே, உடைத்துத் தன்னோடது ஆக்கிக்கொள்ளும் என்று. அது நடந்துவிட்டது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு பூஜை மாடத்து முன்னால் போய் நின்றேன். இனி எனக்குச் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டதை அம்மன் முழுசாகக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கே நானாகத்தான் நாத்தனாருக்குப் போன் போட்டேன். "இந்த ஆடியிலேயே குடுத்துடலாம் அண்ணி" என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதைப் படிக்கிறவர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கேட்டார்: "பாப்பாவ அன்னிக்கு யார் வீட்லயாவது விட்டுட்டுப் போலாமா?"

நாத்தனாரிடம் கேட்டேன். "யாருக்காக நேர்ந்ததோ அந்தப் புள்ள இல்லாம எப்படி? அது வந்து கும்பிட்டு, நெத்தியில மஞ்சள் வாங்கணும் இல்ல?" என்றார்கள். அதுதான் வழக்கம். நான் மாற்றிப் பேசவில்லை. வெட்டும்போது முகத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன்.

ஆடி ஞாயிறு. ஏரிக்கரை முழுக்கப் பொங்கல் புகை. எங்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து குடும்பம் தங்கள் கடாக்களோடு நின்றார்கள். எங்கள் கடாவுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றினார் பூசாரி. தண்ணீர் பட்டதும் கடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். அதுவரை கத்தி வைக்கக் கூடாது.

கடா சிலுப்பவில்லை.

மறுபடி ஊற்றினார். முதுகில், தலையில். மேளம் அடித்தார்கள். அது நனைந்து, அசையாமல், கூட்டத்தில் யாரையோ தேடுகிற மாதிரி நின்றது. பூசாரி, "யாருப்பா நேர்ந்தது? குறை இன்னா வெச்சீங்க?" என்று கேட்டார். நான் போய்த் தரையில் விழுந்தேன். "தாயே, தாமசம் பண்ணிட்டேன். மன்னிச்சிடு" என்றேன். மறுபடி தண்ணீர். ஒன்றுமில்லை. பின்னால் நின்ற ஒருவர், "எங்களுக்கும் மழை வர்றதுக்குள்ள ஆவணும்பா" என்றார். அம்மன் வேண்டாம் என்கிறாளோ, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாளோ என்ற பயம். அந்தப் பயத்தில் மனுஷிக்குப் புத்தி வேலை செய்யாது.

நாத்தனார் சொன்னார்கள்: "புள்ள வாய்க்காகத்தானே வேண்டிக்கினது? புள்ளையே வாயத் தொறந்து கேக்கட்டும்."

"அதான் சரி" என்றார் பூசாரி. சுற்றி நின்றவர்களும் சரி என்றார்கள்.

மகள் என் வீட்டுக்காரர் தோளில் இருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் போய் அவளை வாங்கிக்கொண்டேன். கடாவுக்கு முன்னால் இறக்கிவிட்டேன். குனிந்து அவள் காதில், "கண்ணு, ஆட்டக் கேளு. பேசச் சொல்லு" என்றேன். அப்படிச் சொன்னால் அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். கயிறு, கூட்டம், மேளம். படத்தில் பார்த்த மாதிரியே எல்லாம் இருந்தது. முட்டிபோட்டாள். நனைந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"பேசு. ஒரே ஒரு வாட்டி. எனக்காகப் பேசு."

கடா அவளைப் பார்த்தது. அவள் கையை எடுத்ததும், காதிலிருந்து வால் வரைக்கும் ஒரே சிலுப்பாகச் சிலுப்பியது. தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. பொம்பளைகள் குலவை போட்டார்கள். "அம்மா! தாயே!" என்று கூட்டம் கத்தியது. மேளம் மறுபடி எழுந்தது. என் மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி, ஆடு பேசப்போகிறது என்று காத்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் அங்கேயேதான் நின்றார். அவர் வாய் திறக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அவர் எந்தச் சுவருக்குப் பின்னால் போய் நிற்பார்?

நான் அவளை இழுத்தேன். இழுத்து முகத்தைத் தோளில் அழுத்துவதற்குள் முடிந்துவிட்டது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. என் இடுப்பில் பலகை மாதிரி விறைத்து இருந்தாள். நெற்றியில் மஞ்சள் வைத்துவிட்டார்கள். கோயில் ஓரம் மொபெட்டோடு தோல் வாங்குகிறவர் காத்திருந்தார். திருவிழா என்றால் தோலுக்கு வந்துவிடுவார்கள். அவர் என் வீட்டுக்காரரைத் தெரிந்தவர். "உங்க மண்டிக்குத்தாண்ணே வரும்" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் மறுநாளும் அதற்கு மறுநாளும் வேலைக்குப் போகவில்லை.

அன்றைக்கு அவள் ஒன்றும் பேசவில்லை. கூட்டத்தில் களைத்துப்போயிருப்பாள் என்றோம். ஒரு வாரம் ஆயிற்று. வந்துட்டியா இல்லை, வைக்கோல் இல்லை, கோச்சிக்கிட்டேன் இல்லை. பசித்தால் பழையபடி என் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பானையைக் காட்டினாள். போனில் முதல் பாகத்தைப் போட்டுக்கொடுத்தேன். கழுதை வந்ததும் போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஒருநாள் என் வீட்டுக்காரர் சுவருக்குப் பின்னால் நின்று ஆட்டின் குரலில் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் எழுந்து போய்ச் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவரைக் கண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவரும் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

நான் இப்போதும் அதே வேனில்தான் போகிறேன், அதே உள்தோல்தான் ஒட்டுகிறேன். ஆட்டுத்தோல்தான் உள்தோல். இத்தனை வருஷம் அதைத் தோல் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது ஒரு கணம் நின்றுவிடுகிறேன். சூப்பர்வைசர், "இன்னாமா, ஸ்லோவா போது?" என்கிறார்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருந்ததில்லை. அம்மனைத் தப்புச் சொல்ல எனக்கு வாய் வராது. அவள் கேட்காமலே இருந்தவள். நான்தான் கொடுக்கிறேன் என்றேன், நான்தான் கொடுத்தேன். நாத்தனார் ஒருநாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "இன்னொரு வேண்டுதல் வெச்சிக்கலாம்மா. வேற கோயிலா பாத்து, வேற எதுனா" என்றார்கள்.

"வேணாம் அண்ணி. கேக்க பயமா கீது" என்றேன்.

உண்மைதான். கும்பிடுகிறேன். ஒன்றும் கேட்பதில்லை. கண்ணை மூடினால் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டு, திருநீறு இட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.

போன மாதம் டாக்டரம்மாவிடம் போனோம். ஆறு வயது முடியப்போகிறது அவளுக்கு. டாக்டரம்மா அவளோடு தரையில் உட்கார்ந்து பொம்மைகளை வைத்து என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அவள் ஒரு பொம்மையையும் தொடவில்லை. பிறகு என்னிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, "இதுவரைக்கும் இவ பேசினது எல்லாத்தையும் எழுதிக் குடுங்கம்மா. ஒண்ணு விடாம" என்றார்கள்.

எழுதினேன். ஆட்டினுடையது, கழுதையினுடையது, கோழி, நாய். எழுத எழுத அவள் குரலிலேயே கேட்டது. கடைசியில், ஆடு பேசுச்சி என்று எழுதினேன். ரெண்டாம் பாகத்து வசனத்தை எழுதப் பேனாவை வைத்தேன். எழுதவில்லை. தாளைக் கொடுத்துவிட்டேன்.

டாக்டரம்மா படித்துப் பார்த்தார்கள். "எவ்ளோ நல்லா வந்திருக்கா. அப்புறம் எதுக்கு நின்னுபோச்சி? எதையாவது பாத்து பயந்தாளா? வீட்ல எதுனா நடந்துதா?"

"ஒண்ணும் நடக்கலம்மா. தானாத்தான் நின்னுபோச்சி" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினேன். என் மகள் தரையில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரியும். வாய் திறக்காமல், கண்ணைச் சிமிட்டாமல், அடுத்து நான் என்ன சொல்வேன் என்று காத்திருப்பவள் மாதிரி பார்த்தாள். டாக்டரம்மா எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை.